பைப் நீலமாச்சா? பிளேட்டிங் கடைக்கு ஓடாதீங்க!

திருத்தணி மலைக்கு 365 படி. வருஷத்துக்கு எத்தனை நாளோ, அத்தனை படி. படியேறி முருகனைப் பார்க்கிறவர்கள் ஒரு பக்கம். மோட்டார் சைக்கிளில் 'டுபு டுபு' என்று மலைப்பாதையில் ஏறுகிறவர்கள் இன்னொரு பக்கம்.

பின்னால் மனைவி. நடுவில் பிள்ளை. பெட்ரோல் டாங்க் மேலே இன்னொரு பிள்ளை. முன்னால் போகிற வேன் நகர மாட்டேன் என்கிறது. முதல் கியரிலேயே உறுமிக்கொண்டு ஏறுகிறது வண்டி. காற்று இல்லை. வெயில் மண்டையைப் பிளக்கிறது.

சாமி கும்பிட்டுவிட்டு வந்து பார்த்தால்...

ஏறும்போது வெள்ளி மாதிரி மின்னிய சைலன்சர் பைப், இஞ்சினை ஒட்டிய வளைவில் மஞ்சளும் நீலமுமாகக் கிடக்கிறது!

வாங்கி ஆறு மாசம்கூட ஆகாத வண்டியாக இருந்தால் வயிறு எரியாமல் என்ன செய்யும்? எலும்பு முறிந்தால் நகரியைத் தாண்டிப் போய் புத்தூர் கட்டு போட்டுக்கொண்டு வந்துவிடலாம். பைப் நீலமானால் எங்கே போவது?

பெரும்பாலானவர்கள் நேரே மெக்கானிக்கிடம்தான் போகிறார்கள். "அண்ணே, பைப்பு கலர் மாறிப்போச்சு. வெள்ளையாக்கிக் குடுங்க." அவ்வளவுதான் கேட்பது. ஏன் மாறியது என்று கேட்கிறவர்கள் குறைவு. அங்கேதான் கோளாறே இருக்கிறது.

சாயமும் இல்லை, அழுக்கும் இல்லை!

பைப்பில் தெரிகிற நீலம் ஒட்டிய அழுக்கு அல்ல. புகைக்கரியும் அல்ல. சூட்டில் உலோகத்தின் மேலே தானாக உண்டாகிற மெல்லிய படலம். ஆக்சைடு என்பார்கள். கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லிசு.

அப்படியானால் கலர் எங்கிருந்து வந்தது?

மழைக்காலத்தில் பஸ் ஸ்டாண்டு பள்ளத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும். அதன் மேல் ஒரு சொட்டு டீசல் விழுந்தால் வானவில் மாதிரி கலர் காட்டுகிறதே, அதே வித்தைதான். படலத்தின் மேல்பக்கம் பட்டுத் திரும்புகிற வெளிச்சமும், அடிப்பக்கம் பட்டுத் திரும்புகிற வெளிச்சமும் ஒன்றோடு ஒன்று கலக்கும்போது சில நிறம் அடிபட்டுப் போகிறது. மிச்ச நிறம் நம் கண்ணில் படுகிறது. படலம் தடிக்கத் தடிக்க நிறமும் மாறும். முதலில் வைக்கோல் மஞ்சள். அப்புறம் பழுப்பு. அதற்கு மேல் கத்தரிப்பூ. அதையும் தாண்டினால் நீலம்.

இது கொல்லன் பட்டறையில் பாட்டன் காலத்துச் சங்கதி. உளிக்குப் பதம் ஏற்றுகிற கொல்லர் தெர்மாமீட்டர் வைத்தா பார்க்கிறார்? நிறத்தைத்தான் பார்க்கிறார். இரும்பில் மஞ்சள் ஓடினால் சுமார் 220 டிகிரி செல்சியஸ். நீலம் ஓடினால் 300 டிகிரியை ஒட்டி. பழைய கடிகார ஸ்பிரிங் நீலமாக இருந்ததும் இந்தக் கணக்கில்தான்.

குரோமியமும் எவர்சில்வரும் கொஞ்சம் அழுத்தமான ஆசாமிகள். அதே நிறத்தைக் காட்ட அவற்றுக்கு இன்னும் அதிகச் சூடு வேண்டும். ஆகவே குரோமியம் பூசிய பைப் நன்றாக நீலம் பாய்ந்துவிட்டது என்றால், உள்ளே அடுப்பு பலமாக எரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

இதில் ஒரு வேடிக்கை. குரோமியம் என்ற பெயருக்கே 'நிறம்' என்றுதான் பொருள்! 1797ல் பிரான்ஸ் நாட்டு ரசாயன நிபுணர் வோக்லான் இதைக் கண்டுபிடித்தார். இதன் உப்புகள் மஞ்சள், சிவப்பு, பச்சை என்று விதவிதமாக நிறம் காட்டியதால் கிரேக்க மொழியில் நிறத்தைக் குறிக்கும் சொல்லையே பெயராக வைத்தார்கள். நிறமே வரக்கூடாது என்று அதையே பைப்பில் பூசிக்கொள்கிறோம் நாம்!

வண்டிக்குக் காய்ச்சல்!

இஞ்சினிலிருந்து வெளியே வருகிற புகை, வால்வைத் தாண்டும்போது 600 டிகிரிக்கு மேல் போகும். அந்தச் சூட்டோடு வந்து முதலில் மோதுகிற இடம், 'பெண்டு பைப்' என்று பட்டறையில் சொல்கிறார்களே, அந்த வளைவு. அதனால்தான் நீலம் எப்போதும் அங்கே ஆரம்பிக்கிறது. வால் பக்கம் வெள்ளையாகவே இருக்கும்.

கொஞ்சம் மஞ்சள் ஓடுவது எந்த வண்டிக்கும் சகஜம். ஒற்றைத் தகடு பைப்பாக இருந்தால் இன்னும் சீக்கிரம் ஓடும். உள்ளே ஒரு குழாய், வெளியே ஒரு குழாய் என்று இரட்டையாகச் செய்த பைப்பில் நிறம் மாறுவது குறைவு. இதெல்லாம் நோய் அல்ல.

ஆனால் திடீரென்று நீலம் பரவுகிறதா? போன மாசம் மஞ்சளாக இருந்தது இந்த மாசம் கருநீலமாகிவிட்டதா? அது காய்ச்சல். காய்ச்சல்காரன் நெற்றியில் பவுடர் பூசினால் காய்ச்சல் இறங்குமா?

காரணங்களில் முதல் ஆள், கலவை. ஒரு பங்கு பெட்ரோல் முழுசாக எரிய எடைக் கணக்கில் கிட்டத்தட்ட 14.7 பங்கு காற்று வேண்டும். மலை ஏறுகிற வண்டி, பாரம் இழுக்கிற வண்டி இதைவிடக் கொஞ்சம் பெட்ரோல் தூக்கலாகக் கேட்கும். அந்த உபரி பெட்ரோல் வெறும் செலவு அல்ல. இஞ்சினைக் குளிர்விக்கிற வேலையையும் செய்கிறது. "மைலேஜ் வரணும்" என்று கார்புரேட்டரில் ஸ்குரூவைத் திருகிப் பெட்ரோலை இறுக்கிப் பிடித்தால், லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கூடக் கிடைக்கலாம். அந்தப் பணம் அப்புறம் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் போய்ச் சேரும்.

கார்புரேட்டர் ஜெட்டில் தூசி அடைத்தாலும் இதே கதை. கார்புரேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவே இருக்கிற ரப்பர் வெடித்து, அந்த வழியாகக் காற்று புகுந்தாலும் இதே கதை. கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு, ஊரைக் கூட்டுகிற சைலன்சரை மாட்டுகிறார்களே சில இளவட்டங்கள், அவர்கள் வண்டியிலும் கணக்கு மாறிவிடுகிறது. பைப் நீலமாவது முதல் பரிசு. போலீஸ் பிடிப்பது இரண்டாவது பரிசு!

அடுத்தது டைமிங். பொறி விழவேண்டிய நேரத்துக்குப் பின்னால் விழுந்தால் பெட்ரோல் எரிந்து முடிவதற்குள் வால்வு திறந்துவிடுகிறது. சிலிண்டருக்குள் முடிய வேண்டிய தீ, பைப்புக்குள் வந்து எரிகிறது. பாயிண்ட் வைத்த பழைய வண்டிக்காரர்களுக்கு இது பழகிய தொல்லை. பாயிண்ட் தேய்ந்தால் டைமிங் நகரும். கிக்கரை உதைத்து உதைத்துக் கால் வலிக்கிறபோதே ஒரு கண் பைப் மேலும் வைக்க வேண்டும்.

மூன்றாவது, பைப்பும் இஞ்சினும் சேருகிற மூட்டில் ஓட்டை. அங்கே ஒரு வளைய பேக்கிங் இருக்கும். அது நசுங்கிப்போனால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். எரியாமல் தப்பி வந்த பெட்ரோல் ஆவி அந்தக் காற்றோடு சேர்ந்து பைப்புக்குள்ளேயே பற்றிக்கொள்ளும். 'பட், பட்' என்று வெடிச் சத்தம் கேட்பது இதனால்தான். இருப்பதிலேயே மலிவான கோளாறு இதுதான். ஒரு வளையம் மாற்றினால் தீர்ந்தது.

நாலாவது காரணத்துக்கு மெக்கானிக்கே வேண்டாம். வண்டியை நிறுத்திவைத்து இஞ்சினை ஓடவிடுவது! ஓடுகிற வண்டிக்கு எதிர்க்காற்றுதான் விசிறி. நிற்கிற வண்டிக்கு விசிறி இல்லை. வண்டிக்குப் பூஜை போடுகிற இடத்தில் பார்க்கலாம். மாலை போட்டு, சந்தனம் தடவி, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்து, கற்பூரம் காட்டி முடிகிற வரை இஞ்சின் உறுமிக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு மகன் ஆக்சிலேட்டரை வேறு முறுக்கிக்கொண்டு நிற்பான். புது வண்டியின் முதல் நீலம் இப்படி சாமி சன்னதியிலேயே பாய்ந்துவிடுவதும் உண்டு. பைப் மேல் தெறித்த சந்தனம் சூட்டில் வெந்து கறையாகிவிடுவது தனிக் கதை.

புல்லட் முதல் பி.எஸ்.6 வரை

மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர்க் கம்பெனியும் கைகோத்து என்பீல்டு இந்தியாவைத் தொடங்கியது 1955ல். திருவொற்றியூரில் உருவான புல்லட்டுக்கு அந்த வளைந்த குரோம் பைப்தான் மீசை மாதிரி. மீசைக்கு மை அடிக்கிறவர்கள் மாதிரி, பைப்புக்கு பாலீஷ் போடுகிறவர்களும் அன்றைக்கே இருந்தார்கள்.

மைசூரில் தயாரான ஜாவா, எஸ்டி, 1985ல் வந்த ஆர்.எக்ஸ்.100 ஆகியவை வேறு ஜாதி. இவை டூ ஸ்ட்ரோக். பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும். பைப்புக்குள் கரி கட்டும். கரியை எடுக்க சைலன்சரைக் கழற்றித் தீயில் போட்டுச் சுடுகிற வழக்கம் பட்டறைகளில் இருந்தது. கரி போகும். கூடவே வெளியே இருக்கிற குரோமும் போகும்! சிலர் காஸ்டிக் சோடாத் தண்ணீரை ஊற்றி ஊறவைப்பார்கள். கரி கரையும். ஆனால் அந்தத் தண்ணீர் கையில் பட்டால் தோல் உரியும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அலுமினிய பாகத்தில் பட்டால் நுரைத்துக்கொண்டு அரிக்கும். அதிலிருந்து கிளம்புகிற வாயு தீப்பற்றக்கூடியது. பீடி பிடித்துக்கொண்டு செய்கிற வேலை இல்லை.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி வந்துவிட்டது. புது வண்டிகளில் கார்புரேட்டர் ஸ்குரூவைத் திருகுகிற வேலை இல்லை. கலவையை ஒரு சின்ன கம்ப்யூட்டர் பெட்டி அளந்து கொடுக்கிறது. புகை விதிக்காக பெட்ரோலை அது சிக்கனமாகவே விடும். பைப்புக்குள் புகையைச் சுத்தம் செய்கிற கருவியும் சூட்டிலேதான் வேலை செய்கிறது. அதனால் புது வண்டி வாங்கிய சில வாரத்தில் வளைவில் லேசாக நிறம் மாறினால் மூக்கால் அழ வேண்டாம். கம்பெனி சர்வீசில் ஒரு தடவை காட்டி, கோளாறு இல்லை என்று சொன்னால் அதோடு விட்டுவிடலாம்.

இதையே அழகு என்று கொண்டாடுகிறவர்களும் இருக்கிறார்கள். பெரிய ரேஸ் வண்டிகளில் டைட்டானியம் பைப் சூட்டில் நீலமும் கத்தரிப்பூவுமாக மாறினால் அதற்குத் தனி மவுசு!

பிளக்கைக் கழற்று, பதில் கிடைக்கும்

காய்ச்சல் உண்டா இல்லையா என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் நாலைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, இஞ்சின் ஆறியதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சரியான கலவை. கரி படிந்து கறுப்பாக இருந்தால் பெட்ரோல் தூக்கல். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் பெட்ரோல் பற்றாக்குறை, சூடு அதிகம்.

பைப் நீலம், பிளக் வெள்ளை, இரண்டும் சேர்ந்து இருக்கிறதா? பாலீஷ் டப்பாவை மூடி வைத்துவிட்டு மெக்கானிக்கிடம் போவதுதான் முறை. கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, ரப்பரைப் பார்த்து, டைமிங்கைப் பார்த்து, மூட்டு வளையத்தை மாற்றி, அப்புறம்தான் பைப்பில் கை வைக்க வேண்டும். மூட்டைச் சுற்றிக் கறுப்புப் புகை படிந்திருந்தால் அந்த வழியாகக் காற்று கசிகிறது என்று அர்த்தம்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. திருத்தணி எல்லை ஊர். தமிழ்நாட்டு நம்பரும் ஓடும், ஆந்திரா நம்பரும் ஓடும். தமிழிலும் பேரம் நடக்கும், தெலுங்கிலும் நடக்கும். பத்து வருஷ வண்டி; சீட் கிழிசல்; கால் வைக்கிற ரப்பர் வழவழ; ஆனால் பைப் மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளக்கிறதா? "ஏன் மாத்தினீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். நீலத்தை மறைக்கப் பூசிய முலாமாகவும் இருக்கலாம்.

பனியன் வேஸ்ட்டும் பொறுமையும் போதும்

கோளாறு தீர்ந்தது. இனி நீலத்தை எடுக்கலாம்.

இங்கேதான் பலர் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்கிறார்கள். உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கிறார்கள். பாத்திரம் தேய்க்கிற பவுடரையும் கம்பி நாரையும் போட்டு உரசுகிறார்கள். நீலம் போகிறது. சந்தோஷம்! ஒரு மழை பெய்ததும் அதே இடத்தில் துரு!

காரணம், குரோம் பூச்சு அவ்வளவு மெல்லிசு. பளபளப்புக்காகப் பூசுகிற குரோமின் தடிமன், தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய 200ல் ஒரு பங்குதான். அதன் அடியில் அதைவிடப் பல மடங்கு தடிமனாக நிக்கல் இருக்கிறது. மின்னுவது குரோம், துருப்பிடிக்காமல் காப்பது பெரும்பாலும் நிக்கல். உப்புத்தாள் பட்டால் குரோம் கிழிந்து நிக்கல் வெளியே வரும். நிக்கலுக்கு லேசான மஞ்சள் சாயல். இன்னும் தேய்த்தால் இரும்பு. அப்புறம் எவ்வளவு தேய்த்தாலும் அந்த பைப்பைப் பழையபடி ஆக்க முடியாது; மறுபடி பிளேட்டிங்தான்.

சரியான முறை ரொம்ப எளிசு. பைப் முழுசாக ஆறியிருக்க வேண்டும். சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். பித்தளைச் சாமான் துலக்க வாங்கி வைத்திருக்கிற மெட்டல் பாலீஷ், அல்லது குரோமுக்கென்றே விற்கிற பாலீஷ், கொஞ்சமாக எடுத்து மெதுவான துணியில் தடவித் தேய்க்க வேண்டும். பட்டறையில் 'பனியன் வேஸ்ட்' என்று ஒன்று வைத்திருப்பார்கள். பனியன் துணி வெட்டியதில் மிஞ்சிய துண்டுகள். அதைவிட நல்ல துணி கிடையாது. வீட்டில் கிழிந்த பனியன் இருந்தால் அதுவும் அதுதான்!

ஒரே தடவையில் போகாது. தடவி, தேய்த்து, துடைத்து, மறுபடி தடவ வேண்டும். மஞ்சள் சீக்கிரம் போகும். கத்தரிப்பூ கொஞ்சம் அடம் பிடிக்கும். கருநீலம் முழுசாகப் போகாமல் நிழல் மாதிரி நிற்கலாம். அந்த நிழலோடு சமாதானமாகிவிடுவது உத்தமம். நிழலைத் துரத்தப் போய்த்தான் குரோமைக் கிழிக்கிறார்கள்.

முடிந்ததும் பாலீஷை ஒரு துளி மிச்சமில்லாமல் துடைத்த பிறகே வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டும். மிச்சம் இருந்தால் சூட்டில் வெந்து அதுவே புதுக் கறை.

சின்னச் சின்ன துருப்புள்ளி இருந்தால் சிகரெட் பெட்டியிலும் சாப்பாட்டுப் பொட்டலத்திலும் வருகிற அலுமினியத் தாளைச் சுருட்டி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். அலுமினியம் குரோமைவிட மென்மையானது. துருவை எடுக்கும், குரோமைக் கீறாது.

மழைச் செருப்பு ரப்பரோ, பிளாஸ்டிக் பையோ பைப்பில் ஒட்டி உருகிவிட்டால் கத்தியால் சுரண்டக் கூடாது. மரக்குச்சியோ, தேய்ந்த பிளாஸ்டிக் அட்டையோ வைத்து நெம்பி எடுத்துவிட்டு, மிச்சத்தை பாலீஷில் தேய்க்கலாம்.

கறுப்புப் பெயின்ட் அடித்த பைப்புக்கு இந்த வைத்தியம் எதுவும் பொருந்தாது. அங்கே உப்புத்தாள் போட்டுத் துருவை எடுத்து, சூடு தாங்குகிற பெயின்ட்தான் அடிக்க வேண்டும். கேட்டுக்கு அடித்த மிச்சப் பெயின்ட்டை அடித்தால் முதல் சவாரியிலேயே புகைந்து உரிந்துவிடும்.

இன்னொரு சமாசாரம். துரு எப்போதும் வெளியிலிருந்து வருவதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது! ஆவியாக வெளியே போகவேண்டிய தண்ணீர் அது. வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து வீட்டுக்கு என்று அரைக் கிலோமீட்டர் ஓட்டம் மட்டும் ஓட்டினால் பைப் சூடாவதற்குள் வண்டி நின்றுவிடும். தண்ணீர் உள்ளேயே தங்கி, அடியிலிருந்து அரித்து, ஒரு நாள் வெளியே எட்டிப்பார்க்கும். வாரம் ஒரு தடவையாவது அரக்கோணம் வரை ஒரு ஓட்டு ஓட்டி வருவது பைப்புக்கு நல்லது.

பளபளப்புக்குப் பின்னால்...

பாலீஷுக்கு மசியாத பைப்பும் உண்டு. குரோம் உரிந்து செதில் செதிலாக வந்துவிட்டால் தேய்த்துப் பயனில்லை. அப்போதுதான் பிளேட்டிங்.

திருத்தணியில் மின்சார ரெயில் ஏறினால் அம்பத்தூரில் இறங்கலாம். அந்தப் பக்கத்துத் தொழிற்பேட்டையில் முலாம் பூசுகிற பட்டறைகள் இருக்கின்றன. பைப் அங்கே போனால் முதலில் பழைய குரோமை அமிலத்தில் கரைத்து எடுப்பார்கள். பஃபிங் சக்கரத்தில் பிடித்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்குவார்கள். அப்புறம் நிக்கல் தொட்டி. கடைசியாகக் குரோம் தொட்டி. குரோம் தொட்டியில் பைப் இருப்பது கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் ஆபத்து.

தொட்டியில் இருப்பது குரோமிக் அமிலம். கரும் ஆரஞ்சு நிறம். கரண்டு பாயும்போது அதில் பெரும்பகுதி முலாம் பூசப் போவதில்லை. தண்ணீரைப் பிரித்து வாயுக் குமிழியாக்குவதில்தான் போகிறது. குமிழி மேலே வந்து உடைகிறபோது அமிலத்தை நுண்துளியாகத் தூக்கி எறிகிறது. தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறவர் அதைத்தான் மூச்சாக இழுக்கிறார்.

காற்றை உறிஞ்சி வெளியேற்றுகிற வசதி இல்லாத பட்டறையில் வருஷக்கணக்கில் நின்றால் என்ன ஆகும்? மூக்கின் நடுத்தண்டு புண்ணாகி ஓட்டையே விழும். கையில் அமிலம் பட்ட இடத்தில் ஆறாத குழிப்புண் வரும். நுரையீரலுக்கு இன்னும் மோசம். இந்த வகைக் குரோமியம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1990லேயே திட்டவட்டமாக வகைப்படுத்திவிட்டது.

கவனிக்க: பைப்பில் ஏறி உட்கார்ந்துவிட்ட குரோம் உலோகம் அப்பாவி. அதைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. தொட்டியில் கரைசலாக இருக்கிறபோதுதான் அது விஷம்.

இது எங்கோ நடக்கிற கதை என்று நினைக்க வேண்டாம். திருத்தணியிலிருந்து சோளிங்கர் வழியாகப் போனால் ராணிப்பேட்டை. அங்கே சிப்காட் பகுதியில் 'தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ்' என்ற தொழிற்சாலை இருந்தது. தோல் பதனிடுவதற்கான குரோமிய உப்புகள் தயாரித்த இடம். 1990களில் மூடப்பட்டது. ஆனால் கழிவு மூடப்படவில்லை. மலைபோல் குவிந்து கிடந்தது. மழை பெய்யும்போதெல்லாம் அதிலிருந்து குரோமியம் கரைந்து மண்ணுக்குள் இறங்கியது. சுற்றுவட்டாரத்து நிலத்தடித் தண்ணீரே மஞ்சளாகிவிட்டது!

2006ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் என்ற அமைப்பு, உலகத்திலேயே மிக மோசமாக மாசுபட்ட 10 இடங்கள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. ரஷியாவின் செர்ஜின்ஸ்க், உக்ரைனின் செர்னோபில் வரிசையில் நம்ம ராணிப்பேட்டை! மறு வருஷப் பட்டியலில் ஒடிசாவின் சுகிந்தா வந்தது. இந்தியாவின் குரோமியத் தாதுவில் பெரும்பகுதி தோண்டப்படுகிற இடம் அது.

ராணிப்பேட்டையில் கிடந்தது தோல் தொழிலுக்கான குரோமியக் கழிவு. சைலன்சர் பிளேட்டிங் கழிவு அல்ல. ஆனால் இரண்டும் ஒரே குடும்பம். தொட்டி கழுவிய தண்ணீரைச் சுத்திகரிக்காமல் பின்பக்கச் சாக்கடையில் விடுகிற பட்டறை எந்த ஊரில் இருந்தாலும், அந்த ஊர்க் கிணற்றுக்கு அதே வழிதான்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், அழகுக்காகச் செய்கிற இந்த வகைக் குரோம் பூச்சை அடியோடு கைவிட 2023ல் விதி செய்தது. மூன்று இணைதிறன் குரோமியம் என்று அபாயம் குறைந்த இன்னொரு வகைக் கரைசல் இருக்கிறது. அதில் பூசினாலும் பளபளப்பு வரும். நிறம் மட்டும் ஒரு துளி வித்தியாசப்படலாம். மூன்றடி தள்ளி நின்று பார்க்கிறவருக்குத் தெரியாது.

இதைக் கேட்டுக்கொண்டு கொடுங்க

பிளேட்டிங்தான் வேண்டும் என்று முடிவானால், முதலில் புது பைப் என்ன விலை என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பிளேட்டிங் கூலி, கழற்றி மாட்டுகிற கூலி, சென்னைக்குப் போய்வருகிற செலவு, இரண்டு நாள் வண்டி நிற்கிற நஷ்டம் எல்லாம் கூட்டினால் சில வண்டிகளுக்குப் புது பைப்பே சமமாக வந்துவிடும். அசல் பைப் கிடைக்காத பழைய வண்டிகளுக்குத்தான் பிளேட்டிங் நிஜமாகவே தேவை.

கொடுக்கிற இடத்தில், "நிக்கல் போட்டுட்டுத்தானே குரோம் போடுவீங்க?" என்று கேட்க வேண்டும். நிக்கலைக் குறைத்துவிட்டுக் குரோமை மட்டும் மேலாகக் காட்டி அனுப்பினால் வீட்டுக்கு வரும்போது பளபளக்கும். அடுத்த ஐப்பசி மழையில் பல்லைக் காட்டும். பைப்புக்குள் இருக்கிற கரியையும் ஆயிலையும் சுத்தமாக எடுத்த பிறகே தொட்டியில் இறக்குவார்களா என்பதையும் கேட்க வேண்டும்.

அப்படியே கண்ணை ஒரு சுற்று ஓடவிடலாம். தொட்டிக்கு மேலே புகை உறிஞ்சுகிற குழாய் இருக்கிறதா? வேலை செய்கிற பையன் கையில் உறை இருக்கிறதா? காலில் ரப்பர் பூட்ஸ் இருக்கிறதா, இல்லை ஹவாய் செருப்பா? கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? இதெல்லாம் சரியாக இருக்கிற இடத்தில் கூலி கொஞ்சம் கூடத்தான் இருக்கும். அது அந்தப் பையனின் மூக்குக்கும் கைக்கும் போகிற காசு.

கோளாறைச் சரிசெய்யாமல் பிளேட்டிங் மட்டும் செய்து மாட்டினால், மலைப்பாதையில் ஒரு தடவை ஏறி இறங்கினாலே பழைய நீலம் திரும்ப வந்து உட்கார்ந்துவிடும். செலவு செய்ததெல்லாம் தண்டம்.

சோதித்துப் பார்க்கத் திருத்தணிக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத வசதி. மலையிலிருந்து இறங்கும்போது வண்டி கியரிலேயே இருக்கட்டும். ஆக்சிலேட்டரை முழுசாக விட்டுவிட்டுக் காதைக் கொடுங்கள். இறக்கம் முழுவதும் 'பட்... பட்...' என்று பைப்புக்குள் வெடிக்கிறதா? மூட்டு வளையம் போயிருக்கிறது, அல்லது கலவை இளைத்திருக்கிறது. அடிவாரத்தில் இறங்கியதும் முதல் வேலையாக மெக்கானிக்கைப் பாருங்கள். சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்குகிறதா? நேரே வீட்டுக்குப் போய்க் கிழிந்த பனியனைத் தேடுங்கள்.